ராத்திரி முழுக்க மணிக்கு 9 யூனிட்: ஆளில்லாத கட்டடத்தில் கரண்ட் எங்கே போகிறது?

லாஸ்பேட்டை மேற்பார்வை:

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் தரைத்தளமும் மூன்று மாடியும் உள்ள வாடகைக் கட்டடம், மொத்தம் 26,000 சதுர அடி. கீழே வண்டி நிறுத்தமும் இரண்டு சின்ன கடை அறைகளும். முதல் இரண்டு மாடி அலுவலகம், மூன்றாவது மாடி பயிற்சிக்கூடம். காலை 9 முதல் இரவு 7 வரை ஆட்கள் இருப்பார்கள். ஞாயிறு விடுமுறை.

உள்ளே இருப்பவை: 34 ஸ்ப்ளிட் ஏசி (பெரும்பாலும் ஒன்றரை டன், பழைய சாதா கம்ப்ரசர், எல்லாவற்றுக்கும் ஸ்டெபிலைசர் உண்டு), சர்வர் அறையில் இரண்டு 2 டன் ஏசி, இரண்டு லிஃப்ட், 7.5 ஹெச்பி போர் மோட்டார், 3 ஹெச்பி பிரஷர் பம்ப், கழிவுநீர் சுத்திகரிப்புக்கு 3 ஹெச்பி ப்ளோயர், 125 கேவிஏ ஜெனரேட்டர், படிக்கட்டிலும் பார்க்கிங்கிலும் 36 வாட் பழைய டியூப் லைட் 40.

மாத நுகர்வு 14,800 யூனிட் அளவில் நிற்கிறது. மூன்று நாள் இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டர் ரீடிங் எடுத்தேன். வித்தியாசம் 2.00, 2.05, 1.95. மீட்டரின் பெருக்கக் காரணி 40. அதாவது ஒன்பது மணி நேரத்தில் சுமார் 80 யூனிட். மணிக்கு 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டடத்தில் காவலாளி ஒருவரைத் தவிர யாரும் இல்லாத நேரம் அது!

நிர்வாகம் இரண்டு யோசனை வைத்திருக்கிறது. ஒன்று, 34 ஏசியையும் மொத்தமாக இன்வெர்ட்டர் ஏசியாக (தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகம் மாறும் வகை) மாற்றுவது. இன்னொன்று, மொட்டை மாடியில் சோலார். இதற்கிடையில் ஒருவர் வந்து, மெயின் போர்டில் ஒரு பெட்டி மாட்டினால் பில் 30 சதவீதம் குறையும் என்கிறார். எதை முதலில் செய்வது? இந்த ராத்திரிச் சுமையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

—

டாங் டெஸ்டர்:

ராத்திரி ரீடிங் எடுத்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மாதம் 720 மணி நேரம். உங்கள் அலுவலகம் ஓடுவது 26 நாள், நாளுக்கு 10 மணி, ஆக 260 மணி. மீதி 460 மணி நேரம் கட்டடம் காலி. 460 x 9 = 4,140 யூனிட். பில்லில் 28 சதவீதம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 33,000 ரூபாய்க்கு மேல், யாருக்கும் பயன்படாத நேரத்தில் போகிறது. ஏசி மாற்றுவதும் சோலாரும் பகல் நேரத்துக் கதை. இந்த 4,140 யூனிட்டை இரண்டும் பெரிதாகத் தொடாது.

பிரித்துப் பார்க்க ஒரு சனிக்கிழமை இரவு போதும். மீட்டர் முகத்தில் சிவப்பு விளக்கு துடிக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். பத்துத் துடிப்புக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் எடுங்கள். கணக்கு இதுதான்:

கிலோவாட் = 3600 x துடிப்புகள் x பெருக்கக் காரணி ÷ (யூனிட்டுக்கான துடிப்பு x விநாடி)

உதாரணமாக யூனிட்டுக்கு 3200 துடிப்பு, காரணி 40, பத்துத் துடிப்புக்கு 50 விநாடி என்றால் சரியாக 9 கிலோவாட். உங்கள் மீட்டரில் டிஸ்ப்ளேயை நகர்த்தினால் நேரடி கிலோவாட்டும் வரலாம். ஆனால் சிடி மீட்டரில் (கரண்டைச் சுருக்கி அளக்கும், காரணியால் பெருக்க வேண்டிய வகை) அது காரணியால் பெருக்காத எண்ணாக இருக்கும், அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

பிறகு மெயின் பேனலில் ஒவ்வொரு அவுட்கோயிங் எம்சிசிபியாக (ஒவ்வொரு பகுதிக்கும் போகும் லைனின் பெரிய பிரேக்கர்) இறக்குங்கள். ஒன்றை இறக்கியதும் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி துடிப்பை எண்ணுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், அடுத்ததற்குப் போங்கள். ஏன் ஐந்து நிமிடம் என்றால், வாட்டர் கூலர், பிரஷர் பம்ப் மாதிரி தானாக ஓடி நிற்பவை கணக்கைக் குழப்பும். தீயணைப்பு பம்ப் பேனலையும் தீ அலாரத்தையும் தொடவே வேண்டாம். லிஃப்ட் இரண்டும் தரைத்தளத்தில் கதவு திறந்து நிற்பதைப் பார்த்த பிறகே அதன் ஃபீடரை இறக்குங்கள். சர்வர் அறையைக் கடைசியில் வையுங்கள். யூபிஎஸ் பேட்டரி தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாமல், கணினிப் பிரிவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு இறக்குங்கள்.

சாதாரண டாங் டெஸ்டரை (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) வைத்து ஆம்பியர் மட்டும் பார்த்து, 230 ஆல் பெருக்கி வாட் என்று எழுதுவது இந்த வேலைக்கு உதவாது. சும்மா இருக்கும் ஸ்டெபிலைசர், சோக் லைட், கெபாசிட்டர் எல்லாம் ஆம்பியரை இழுக்கும், ஆனால் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலையாக மாறும் பங்கு) அடிமட்டத்தில் இருக்கும். 4 ஆம்பியர் காட்டும் ஃபீடரில் உண்மையில் 300 வாட்தான் போய்க்கொண்டிருக்கலாம். கிலோவாட் காட்டும் பவர் க்ளாம்ப் கிடைத்தால் அதை வாடகைக்கு எடுங்கள், இல்லையேல் மீட்டர் துடிப்பையே நம்புங்கள்.

என் ஊகம்: 40 டியூப் லைட், சோக் நஷ்டத்தோடு ஒன்றுக்கு 46 வாட், அது 1.8 கிலோவாட். ப்ளோயர் ஒன்றரை முதல் இரண்டு. சர்வர் ஏசி ஓடும்போது இரண்டுக்கு மேல். 34 ஸ்டெபிலைசர் தலா 15 வாட் என்றாலே அரை கிலோவாட், அதுவும் ஏசி ரிமோட்டில் அணைத்திருக்கும்போது! இவையே உங்கள் ஒன்பதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

—

புதுவை_வயர்மேன்:

எர்த் லீக் ஆகுதான்னு பாருங்க சார். லீக் இருந்தா மீட்டர் தாறுமாறா ஓடும்.

—

டாங் டெஸ்டர்:

பார்க்கலாம், பாதுகாப்புக்காகப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பில் ஏறியதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் இது, கடைசியில் பெரும்பாலும் இருக்காது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டால் லைனை வெட்டும் சுவிட்ச்) டிரிப் ஆகும் விளிம்பில் லீக் இருந்தாலும் 230 வோல்ட்டில் அது 7 வாட். ஒரு கிலோவாட் எர்த்துக்குப் போக வேண்டுமானால் 4 ஆம்பியருக்கு மேல் கசிய வேண்டும். அப்படிக் கசிந்தால் எங்கோ கேபிள் சூடாகி வாசனையே வந்துவிடும்.

—

கடற்கரை ஏசி:

ஏசி பற்றி மட்டும் சொல்கிறேன். 34ஐயும் ஒரே நேரத்தில் மாற்றுவது பணத்தைக் கொட்டுவது. புது ஏசியின் பிஇஇ (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) ஸ்டிக்கரில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. உங்கள் அலுவலக ஏசி ஆண்டுக்கு 3,120 மணி ஓடுகிறது, ஸ்டிக்கர் எண்ணை 1.95 ஆல் பெருக்குங்கள். வாரம் இரண்டு நாள் மட்டும் ஓடும் பயிற்சிக்கூட ஏசியோ 1,600ஐத் தொடாது. ஆக, அதிக மணி ஓடும் ஏசியை முதலில் மாற்றுங்கள். பயிற்சிக்கூடத்தைக் கடைசிக்கு விடுங்கள், அல்லது விட்டேவிடுங்கள்.

மாற்றுவதற்கு முன்னால் இருக்கும் ஏசியைப் பாருங்கள். நம் ஊரில் கடல் உப்புதான் எதிரி. லாஸ்பேட்டை கடலிலிருந்து சில கிலோமீட்டர்தான். மதியத்துக்கு மேல் கடல்காற்று அடிக்கும்போது உப்பு நேராக அவுட்டோர் யூனிட்டின் ஃபின்னில் (வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) படிகிறது. அலுமினிய ஃபின்னும் செம்புக் குழாயும் சேரும் இடத்தில் உப்பும் ஈரமும் இருந்தால் ஃபின் வெள்ளைப் பொடியாக உதிரும். குழாயை ஒட்டி இருந்த பிடிப்பு போய்விடும். பார்க்க ஃபின் முழுசாகத்தான் இருக்கும், வெப்பம் மட்டும் கடக்காது. பேனாவால் லேசாகத் தொட்டால் உடைந்து விழுந்தால் அந்தக் காயில் அவ்வளவுதான், எத்தனை முறை சர்வீஸ் செய்தாலும் கரண்ட் குறையாது.

நல்ல நிலையில் இருக்கும் காயிலை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஏசியை எம்சிபியில் அணைத்துவிட்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக, தோட்டத்துக் குழாய் அழுத்தம் போதும். பைக் கழுவும் ஜெட் வைத்தால் ஃபின் மடங்கிவிடும். சர்வீஸ் பையன்கள் கொண்டுவரும் ஆசிட் வாசனை அடிக்கும் திரவத்தை அனுமதிக்காதீர்கள். அழுக்கோடு ஃபின்னையும் அரித்துவிடும். போர்த்தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவுவதும் வீண், உப்பை உப்பால் கழுவுவது மாதிரி.

அடுத்து அவுட்டோர் யூனிட் நிற்கும் இடம். பின்பக்கச் சந்தில் மூன்று மாடி யூனிட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எதிர்ச்சுவர் மூன்றடியில் இருந்தால், கீழ்மாடி ஊதும் சூட்டை மேல்மாடி உறிஞ்சும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது மேல்மாடி யூனிட்டின் உறிஞ்சும் பக்கத்தில் தெர்மாமீட்டர் 42 காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். உள்ளே வரும் காற்று ஒரு டிகிரி ஏறினால் மின்சாரம் சுமார் 2 முதல் 3 சதவீதம் ஏறும். மேல் வரிசை யூனிட்டுகளை மொட்டை மாடிக்கு ஏற்றுவது, புது ஏசி வாங்குவதைவிட மலிவு.

உள்ளே சோதனை எளிது. ஏசி ஓடி 15 நிமிடம் கழித்து, உறிஞ்சும் காற்றுக்கும் ஊதும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் வேண்டும். 5 டிகிரிதான் வருகிறது, ஆம்பியரும் பெயர்ப்பலகையில் உள்ளதைவிடக் குறைவு என்றால் கேஸ் குறைவு. 5 டிகிரி, ஆம்பியர் அதிகம் என்றால் அவுட்டோர் அடைப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றுக்கும் கேஸ் ஏற்றிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

ரிமோட்டை 18ல் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24ல் தொடங்கும்படி வர வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பிஇஇ சொல்வது. நம் ஊரில் அதைவிடப் பெரிய ஓட்டை கதவு. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை (ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 27 டிகிரி. அறைக்குள் 25 டிகிரி, 55 சதவீதம். கதவு இடுக்கில் நொடிக்கு 100 லிட்டர் வெளிக்காற்று நுழைந்தால் அதைக் குளிரவைத்துத் தண்ணீர் பிழிய மட்டும் ஒன்றேகால் டன் ஏசி தேவை. ஒரு ஒன்றரை டன் ஏசி கிட்டத்தட்ட முழுக்க கதவுக்காக ஓடுகிறது! கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் உள்ளே தேவைக்கு மீறிக் குளிர்விக்கிறார்கள் என்று அர்த்தம். டோர் க்ளோசரைச் சரிசெய்யுங்கள், கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு டைமர் போடுங்கள். எக்ஸாஸ்ட் வெளியே தள்ளும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாக வெளிக்காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும்.

—

கடலூர் ஓ.டி.:

ஏசிக்காரர் சொன்னதோடு கூரையையும் சேர்க்கவேண்டும். மூன்றாம் மாடி பயிற்சிக்கூடத்தின் மேலே வெறும் கான்கிரீட் தளம் என்றால், மதிய வெயில் அதில் ஏறி, நாலைந்து மணி நேரம் கழித்து உள்பக்கம் இறங்கும். சாயங்கால வகுப்பில் ஏசி திணறுவது அதனால்தான். வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு பூச்சு உதவும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பாசி கறுத்திருக்கும். தை மாதம் தேய்த்துக் கழுவாவிட்டால் வெயில்காலத்தில் வெள்ளையாகவே இருக்காது. புதுச்சேரியிலேயே பாடம் இருக்கிறது: ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. நீளமான முகங்கள் வடக்கு தெற்காக, சுவர் முழுக்கத் திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள், தளத்துக்கு மேலே இடைவெளி விட்டு இன்னொரு ஓட்டு அடுக்கு. அந்த இடைவெளிதான் விஷயம். உங்கள் மாடியில் சோலார் பேனல் வைத்தால் அதுவும் அரைகுறையாக அந்த வேலையைச் செய்யும்.

என் துறை பம்பும் கழிவுநீரும், அதற்கு வருகிறேன்.

போர் மோட்டாரில் இருந்து தொடங்காதீர்கள். சோதிக்க வேண்டுமானால் முறை இது: தொட்டி 10,000 லிட்டர் நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 50 நிமிடம் என்றால் மணிக்கு 12 கனமீட்டர். நீர்மட்டம் 40 மீட்டர், மாடித் தொட்டி உயரம், குழாய் உராய்வு எல்லாம் சேர்த்து 60 மீட்டர் என்று வையுங்கள். 12 x 60 ÷ 367, அதாவது 1.96 கிலோவாட் வேலை தண்ணீருக்குப் போகிறது. மோட்டார் இழுப்பது 6.1 என்றால் திறன் 32 சதவீதம். நல்ல நீர்மூழ்கி பம்ப்செட் 45ஐ எட்டும். மணல் தேய்த்த இம்பெல்லர், ஓட்டை விழுந்த காலம் பைப் மூட்டு, பாதி திறந்த நான்-ரிட்டர்ன் வால்வு, இவைதான் காரணமாக இருக்கும். ஆனால் 150 பேர் என்று வைத்தால், அலுவலகத்துக்கு நாளுக்கு ஏழாயிரம் லிட்டர் போதும். மோட்டார் ஓடுவது முக்கால் மணி நேரம்கூட இல்லை. மாற்றினால் மாதம் முப்பது யூனிட் மிச்சம், அதற்காக பம்பை வெளியே எடுக்கும் கூலிகூட வராது. அடுத்த முறை அது எரிந்தால் சரியான சைஸில் போடுங்கள்.

கசிவு இருப்பது பிரஷர் பம்பில். ராத்திரி யாரும் இல்லாத நேரத்தில் அது நாலு நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி ஓடுகிறதா என்று காவலாளியிடம் கேளுங்கள். ஓடினால் எங்கோ ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது. சொட்டு நீலம் நாலு துளி ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்கிலும் விட்டு, 20 நிமிடம் தொடாமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி வாஷர் போயிற்று. எல்லாம் சரியாக இருந்தும் பம்ப் படபடவென்று ஓடி நின்றால் பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கிறது. பம்ப் தொடங்கும் அழுத்தம் 2 பார் என்றால், தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, டயர் வால்வில் 1.8 பார் காற்று அடியுங்கள். தண்ணீர் இருக்கும்போது அடித்துப் பயனில்லை. வால்வை அழுத்தினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது. இதில் ராத்திரி மிச்சம் 200 வாட்தான், ஆனாலும் தண்ணீரும் சேர்ந்து மிச்சம்.

ப்ளோயர்தான் பெரியது. அது 24 மணி நேரமும் ஓட வேண்டிய கட்டாயம் உங்கள் கட்டடத்துக்கு இல்லை, பத்து மணி நேரம்தானே கழிவு வருகிறது. முதலில் கேஜைப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் 0.3 பாருக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். 0.45 காட்டினால் டிஃப்யூசர் (தொட்டிக்குள் காற்றைக் குமிழியாக விடும் பாகம்) அடைத்திருக்கிறது, ப்ளோயர் கூடுதலாக இழுக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு இரவு 9 முதல் காலை 7 வரை ஒரு மணி ஓட்டம், ஒரு மணி ஓய்வு என்று டைமர் வையுங்கள். தொடர்ச்சியாக இரண்டு மணிக்கு மேல் நிறுத்தினால் கசடு அடியில் படிந்து அழுகும், காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்கிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள், வெளிநீர் பரிசோதனை முடிவையும் முன்பின் ஒப்பிடுங்கள். மோசமானால் ஓய்வைக் குறைத்துவிடுங்கள்.

—

கேவிஏஆர்:

பில் 30 சதவீதம் குறையும் என்று விற்க வந்த அந்தப் பெட்டி பற்றி. உள்ளே ஒரு கெபாசிட்டரும் சிவப்பு, பச்சை எல்இடியும் இருக்கும். கிலோவாட் மணியைக் குறைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. விற்க வருபவர் டாங் டெஸ்டரை மாட்டி ஆம்பியர் குறைவதைக் காட்டுவார். ஆம்பியர் உண்மையாகவே குறையும். மீட்டர் எண்ணுவது ஆம்பியரை அல்ல. அவரிடம் மீட்டர் துடிப்பை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.

பவர் ஃபேக்டருக்குத் தனியாக பில்லில் பிடித்தம் வருகிறதா, கேவிஏ அடிப்படையில் டிமாண்ட் கட்டணம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்களிடம் இருக்கும் ஏபிஎஃப்சி பேனலை (தேவைக்கேற்ப கெபாசிட்டர்களைத் தானாகச் சேர்த்து பவர் ஃபேக்டரைச் சரிசெய்வது) சோதியுங்கள். 80 கிலோவாட் சுமையை 0.80லிருந்து 0.98க்குக் கொண்டுவர 80 x (0.75 - 0.20), அதாவது 44 கேவிஏஆர் (கெபாசிட்டர் அளவின் அலகு) வேண்டும். பேனலில் 50 எழுதியிருக்கும், பாதி செத்திருக்கும். ஒவ்வொரு ஸ்டெப்பாக மேனுவலில் ஏற்றி மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் எடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: 10 கேவிஏஆர் என்று எழுதிய கெபாசிட்டர் 440 வோல்ட்டுக்கானது என்றால், 415 வோல்ட்டில் அது 8.9 கேவிஏஆர்தான் தரும், 12.4 ஆம்பியர் காட்டும். 14 வரவில்லையே என்று நல்ல கெபாசிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். 9 ஆம்பியருக்குக் கீழே போனாலோ ஒரு ஃபேஸ் மட்டும் வேறாக இருந்தாலோ மாற்றுங்கள். ராத்திரியில் ரிலே ஆட்டோவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேனுவலில் விட்டுவிட்டுப் போனால் 9 கிலோவாட் சுமைக்கு 50 கேவிஏஆர் நின்று பவர் ஃபேக்டர் லீடிங்கில் (கெபாசிட்டர் தேவைக்கு மீறிய நிலை) போய், வோல்டேஜ் ஏறும்.

காலையில் எல்லா ஏசியையும் ஒன்றாகப் போட்டால் ஸ்டார்ட்டிங் கரண்டால் மேக்சிமம் டிமாண்ட் எகிறும் என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. டிமாண்ட் 15 அல்லது 30 நிமிடச் சராசரி. இரண்டு விநாடி இழுப்பு அதில் காணாமல் போய்விடும். டிமாண்டை உயர்த்துவது, அறை சூடாக இருக்கும்போது 34 கம்ப்ரசரும் முதல் அரை மணி நிற்காமல் ஓடுவது. அலுவலகத்தை 8:30க்கும் பயிற்சிக்கூடத்தை 9:15க்கும் தொடங்கினால் போதும்.

ஸ்டெபிலைசர் விஷயத்துக்கு: மாடிக்கு ஒரு கான்டாக்டரும் (டைமர் சொல்படி லைனை வெட்டிச் சேர்க்கும் சுவிட்ச்) வாராந்திர டைமரும் போட்டு ஏசி டிபி (பகிர்மானப் பெட்டி) முழுவதையும் இரவு 8க்கு வெட்டுங்கள். கான்டாக்டர் ஆம்பியரை ஏசி-3 தரத்தில் (மோட்டார் சுமைக்கான எண்; இந்த ‘ஏசி’ குளிர்சாதனம் அல்ல) பார்த்து வாங்குங்கள்; ஏசி-1 எண்ணைப் பார்த்து வாங்கினால் ஆறு மாதத்தில் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். தாமதமாக வேலை செய்பவர்களுக்கு இரண்டு மணி நேர ஓவர்ரைடு பட்டன் ஒன்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் யாரோ டைமரையே கழற்றி நேராக வயர் கொடுத்துவிடுவார்கள்.

சோலார் நல்லதுதான், கடைசியில். இப்போது உள்ள சுமைக்கு அளவெடுத்தால் பெரிதாகப் போய்விடும். நம் கடற்கரைக்கு அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று ஐஎஸ் 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) சொல்கிறது, மணிக்கு 180 கிலோமீட்டர். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்ததை எல்லோரும் பார்த்தோம். கொட்டேஷனில் ஸ்ட்ரக்சர் கணக்கு 50 மீட்டருக்குப் போட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கான்கிரீட் கட்டையைச் சும்மா தளத்தில் வைத்து நிறுத்தும் முறை வேண்டாம்.

—

லாஸ்பேட்டை மேற்பார்வை:

அனைவருக்கும் நன்றி. சனி இரவு 10 மணிக்கு இறக்கிப் பார்த்தோம். தொடக்கம் 9.0 கிலோவாட். படிக்கட்டு, பார்க்கிங் லைட் இறக்கியதும் 7.2. ப்ளோயர் இறக்கியதும் 5.6. இரண்டு வாட்டர் கூலர் போனதும் 5.3. மாடி ஏசி டிபிக்கள் போனதும் 4.8, அது முழுக்க ஸ்டெபிலைசர்தான்! லிஃப்ட் இரண்டும் 0.2, கேபின் ஃபேனும் லைட்டும் அணையவே இல்லை. சர்வர் ஃபீடரில் யூபிஎஸ் வழியாக 1.2, ஏசி 2.1.

இதற்குப் பிறகு எல்லா அவுட்கோயிங்கும் இறங்கிய நிலையில் மீட்டர் இன்னும் 1.3 காட்டியது. பேனலைத் திறந்து பார்த்ததில் பஸ்பாரிலிருந்து (பேனலுக்குள் கரண்டைப் பகிரும் உலோகப் பட்டை) நேராக ஒரு கேபிள், அதன் வழியில் எங்கும் பிரேக்கர் இல்லை. அது தரைத்தளத்தில் வாடகைக்கு விட்ட ஏடிஎம் அறைக்குப் போகிறது. அவர்களுக்குத் தனி மீட்டர் இருப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

ஒரே சந்தேகம்: சர்வர் ஏசி 2.1 என்பது சரியா? ஒரு ஏசிதான் ஓடுகிறது, 16ல் வைத்திருக்கிறார்கள்.

—

கடற்கரை ஏசி:

சரியில்லை. யூபிஎஸ் வழியாகப் போவது 1.2 கிலோவாட் என்றால், சர்வர் கக்கும் சூடும் அவ்வளவுதான். மூன்றில் ஒரு பங்கு டன். சுவர், கூரை வழியாக வருவதையும் சேர்த்தாலும் முக்கால் டன்னைத் தாண்டாது. 2 டன் ஏசி அதற்கு விட்டுவிட்டு ஓடவேண்டும், நிற்காமல் ஓடக்கூடாது. ஒன்று, 16 டிகிரியை அது ஒருநாளும் எட்டாததால் ஓடிக்கொண்டே இருக்கிறது. அல்லது கேஸ் குறைந்திருக்கிறது. முதலில் 25ல் வையுங்கள். சர்வர் உறிஞ்சும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பதுதான் ஆஷ்ரே (அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம்) பரிந்துரை, 16 யாருக்கும் தேவையில்லை. 25ல் வைத்தும் அரை மணிக்கு மேல் கம்ப்ரசர் கட் ஆகாவிட்டால் கேஸும் காயிலும் பாருங்கள். சரியானால் சராசரி 0.7க்கு வந்துவிடும்.

இரண்டு ஏசியும் மாறி மாறி ஓட ஆறு மணி நேர சீக்வென்ஸ் டைமர் வையுங்கள். ஓடும் ஏசி நின்றுவிட்டால் அடுத்தது தானாக எழ வேண்டும், அறை 30ஐத் தொட்டால் காவலாளி மேசையில் பஸ்ஸர் அடிக்க வேண்டும். அந்த பஸ்ஸர் இல்லாமல் 25க்கு ஏற்றினால் கணினிப் பிரிவு ஒரே வாரத்தில் மறுபடி 16க்கு இறக்கிவிடும்.

—

டாங் டெஸ்டர்:

பிரேக்கர் இல்லாமல் பஸ்பாரிலிருந்து கேபிள் போவது மின்சாரம் வீணாவதைவிட மோசம். அந்தக் கேபிளில் ஷார்ட் வந்தால் உங்கள் மெயின்தான் விழும், விழாவிட்டால் கேபிள் எரியும். உரிமம் பெற்ற கான்ட்ராக்டரை வைத்து, மெயினை இறக்கி, கேபிள் அளவுக்கேற்ற எம்சிபி போட்ட பிறகு மற்றது. உப்புக்காற்றில் அந்த லக் (கேபிள் முனையில் மாட்டும் இணைப்பு) பச்சை பிடித்திருக்கும். அலுமினியக் கேபிள் என்றால் செம்பு பஸ்பாரோடு சேர்க்க பைமெட்டல் லக் போடச் சொல்லுங்கள்.

லைட்டுக்கு 20 வாட் எல்இடி பேட்டன் 40 வாங்குங்கள். ஒன்று 300 ரூபாய் என்றாலும் 12,000. இரவு 10க்கு மேல் ஒன்றுவிட்டு ஒன்று அணையும்படி இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்தால் 1.8 போய் 0.4 ஆகும். இரவு 11 மணி நேரம் என்று பார்த்தால் மாதம் 400 யூனிட்டுக்கு மேல் மிச்சம், போட்ட பணம் மூன்று நான்கு மாதத்தில் திரும்பும். படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றாவது எரியட்டும். பழைய பட்டையிலேயே எல்இடி டியூப் மாட்டுவதென்றால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு நேரடி வயரிங் கொடுக்க வேண்டும், சோக்கை விட்டுவைத்தால் அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டிருக்கும். லிஃப்ட் கேபின் லைட்டுக்கும் ஃபேனுக்கும் கன்ட்ரோலரிலேயே நேரம் வைக்கும் வசதி இருக்கும், ஏஎம்சிக்காரர் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்) அடுத்த முறை வரும்போது ஐந்து நிமிட வேலை.

ஏடிஎம் அறைக்கு சப்-மீட்டர் போடும்போது அவர்கள் ஆள் ஏசி லைனை மட்டும் காட்டுவார். மெஷினுக்கும் பெயர்ப்பலகைக்கும் போகும் யூபிஎஸ் லைன் தனியாகப் பிரிந்திருக்கும். மீட்டரை அந்தப் பிரிவுக்கு முன்னால், உங்கள் பேனலிலிருந்து கேபிள் கிளம்பும் இடத்திலேயே வையுங்கள். போட்ட அன்று இரவு சப்-மீட்டர் 1.3 காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.